தோஸோ வழக்கு: பெரியவர்களை உட்கார வைத்தது யார்?

சட்டக் கல்லூரிகளில் தோஸோ வழக்கை ஒரு ராணுவப் புரட்சியின் கதையாகத்தான் சொல்லித் தருகிறார்கள். 1958 அக்டோபர் 27 அன்று பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வெற்றி பெற்ற புரட்சி தானே ஒரு புதிய சட்ட ஒழுங்கைப் படைத்துவிடுகிறது என்று சட்டத் தத்துவ அறிஞர் ஹான்ஸ் கெல்சனின் கோட்பாட்டைத் துணைக்கு அழைத்துத் தலைமை நீதிபதி முகம்மது முனீர் எழுதினார். இருபது நாள் முன்பு அரசியலமைப்பைக் கிழித்தெறிந்த குடியரசுத் தலைவர் இஸ்கந்தர் மிர்சாவின் செயலுக்கு இப்படிச் சட்ட முத்திரை கிடைத்தது. அன்றிரவே அந்த மிர்சாவை ராணுவத் தளபதி அயூப் கான் பதவியிலிருந்து இறக்கிவிட்டார் என்பது வரலாற்றின் குசும்பு.

இந்த ஆரவாரத்தில் வழக்கு எதைப் பற்றியது என்பது கால் குறிப்பாகிவிட்டது. பலூசிஸ்தானின் லோரலாய் மாவட்டத்தில் ஒரு கொலை நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட தோஸோவை வழக்கமான செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கவில்லை. அதிகாரி அமைத்த பெரியவர்களின் மன்றம் ஒன்று, அதாவது ஜிர்கா, அவர் குற்றவாளி என்றது. அவர் சிறைக்குப் போனார். ஒரே நாட்டில், ஒரே குற்றத்துக்கு, ஒருவருக்கு நீதிபதியும் இன்னொருவருக்கு ஜிர்காவும் வாய்க்கலாமா என்பதே அவர் தரப்பு எழுப்பிய கேள்வி. அதற்கு அன்று விடை கிடைக்கவில்லை. பஷ்தூன் நிலங்களில் அந்தக் கேள்வி இன்று வரை வெவ்வேறு வேடங்களில் நீதிமன்றப் படியேறிக்கொண்டிருக்கிறது. அதனால் இந்த வழக்கைக் கெல்சனிடமிருந்து மீட்டு, லோரலாயிலிருந்து படிப்பது பயனுள்ளது.

லோரலாய் பெரும்பான்மையாகப் பஷ்தூன்கள் வாழும் மாவட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இந்த மலைப்பகுதியை ஆங்கிலேயர் ஆளத் தொடங்கியபோது ராபர்ட் சாண்டமன் என்ற அதிகாரி ஒரு வழி கண்டார். படையை அனுப்பி அடக்குவதைவிடச் குலத் தலைவர்களான சர்தார்களுக்கும் மாலிக்குகளுக்கும் படி அளந்து, அவர்களைக் கொண்டே வழக்குகளைத் தீர்த்துக்கொள்வது மலிவு. மாவட்ட ஜிர்காக்களுக்கு மேலே சிபியிலும் குவெட்டாவிலும் பருவத்துக்கு ஒருமுறை 'ஷாஹி ஜிர்கா' கூடியது. யார் உட்காரலாம் என்ற பட்டியல் அரசின் கையில் இருந்தது.

எல்லைப்புற மாவட்டங்களில் இதே எண்ணத்துக்குச் சட்ட வடிவம் முன்பே வந்துவிட்டது. 1872இல் முதல் எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறை பிறந்தது. அது பலமுறை திருத்தப்பட்டு, வைஸ்ராய் கர்சன் காலத்தில் 1901ஆம் ஆண்டின் மூன்றாம் ஒழுங்குமுறையாக நிலைபெற்றது. எஃப்.சி.ஆர். என்று எல்லோரும் அழைத்த இது பின்னர் பலூசிஸ்தானிலும் நடைமுறைக்கு வந்தது. அதன் 11ஆம் பிரிவுதான் தோஸோவைச் சிறைக்கு அனுப்பியது. அந்தப் பிரிவு இயங்கும் விதம் இது. ஒரு குற்ற வழக்கைச் சாதாரண நீதிமன்றம் விசாரிப்பது உசிதமாக இராது என்று துணை ஆணையர் கருதினால் போதும், மூன்று பேர் அல்லது அதற்கு மேற்பட்ட பெரியவர்களைக் கொண்ட மன்றத்துக்கு அதை அனுப்பலாம். மன்றம் தன் முடிவைச் சொல்லும். பிடிக்காவிட்டால் துணை ஆணையர் அதைத் திருப்பி அனுப்பலாம், வேறொரு மன்றத்தைக் கூட்டலாம், குற்றம் சாட்டப்பட்டவரை விடுவிக்கலாம்; நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் ஒத்திருந்தால் தண்டிக்கலாம். வழக்கறிஞருக்கு இடமில்லை. சாட்சியச் சட்டம் கிடையாது. மேல்முறையீடும் கிடையாது, ஆணையரிடம் மறு ஆய்வு கேட்பதே எல்லை. மரண தண்டனை விதிக்க முடியாது என்பது மட்டும் ஒரு சலுகை. போதிய சான்று இல்லாததால் நீதிமன்றத்தில் நிற்காத வழக்குகளைச் சிறைவரை கொண்டுசேர்க்க அதிகாரிகளுக்கு இதைவிட வசதியான கருவி கிடைத்திருக்காது.

இனி, இதற்கும் பஷ்தூன்களின் ஜிர்காவுக்கும் என்ன உறவு என்று பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

பஷ்தூன் வழக்கில் ஜிர்கா கூடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். இரு தரப்புக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்துகொண்டிருந்தால் முதலில் 'தீகா' எனும் போர் நிறுத்தம். தீகா என்றால் கல்; கல் வைத்துவிட்டார்கள் என்றால் குறிப்பிட்ட நாள் வரை யாரும் யாரையும் சுடக்கூடாது. மீறுபவர் எதிரியை மட்டுமல்லாமல் நடுநின்ற பெரியவர்களையும் பகைத்துக்கொள்கிறார். அடுத்தது 'வாக்' தருவது. எங்கள் விவகாரத்தை முடிக்கும் அதிகாரத்தை உங்களிடம் ஒப்படைக்கிறோம் என்று இரு தரப்பும் பெரியவர்களிடம் வெளிப்படையாகச் சொல்வதுதான் அது. இதை முழுதாகத் தரலாம். சமரசம் பேச மட்டும் தரலாம். வழக்கத்தின்படி தீர்ப்புச் சொல்ல மட்டும் தரலாம். மூன்றாவதாக 'மச்சல்கா' எனும் பிணைப்பொருள். துப்பாக்கிகள், பணம், சில இடங்களில் வாகனம்கூட ஜிர்காவிடம் ஒப்படைக்கப்படும். தீர்ப்பை ஏற்க மறுப்பவர் அதை இழப்பார்.

இவ்வளவுக்குப் பிறகுதான் வட்டமாக உட்காருகிறார்கள். தலைமை நாற்காலி என்று ஒன்றில்லை. ஆப்கானிஸ்தானின் பக்தியா, கோஸ்ட் பகுதிகளில் ஒவ்வொரு குலத்துக்கும் 'நர்க்' எனும் வழக்கச் சட்டம் உண்டு. எந்தக் காயத்துக்கு என்ன ஈடு என்பதை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய 'மரக்கச்சி'கள் அங்கே மதிப்பு மிக்கவர்கள். தீர்ப்பில் உடன்பாடில்லாதவர் காரணம் காட்டி இன்னொரு ஜிர்காவை நாடவும் வழி உண்டு. கடைசியில் கொன்றவன் தரப்பு ஆடுகளை ஓட்டிக்கொண்டு கொல்லப்பட்டவன் வீட்டு வாசலுக்குப் போவது 'நனவாதே'. வாசலில் வந்து நின்றவனைத் திருப்பி அனுப்புவது பஷ்தூன்களின் மரபு நெறியான பஷ்தூன்வலியில் இழுக்கு. சிறைக் கதவால் முடியாத ஒன்றை இந்தச் சடங்கு சாதிக்கிறது: இரு குடும்பங்களும் மறுநாள் ஒரே கடைவீதியில் நடக்க முடிகிறது.

இதைப் புகழ்ந்து நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. இந்த வட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. உட்காராதது மட்டுமா, சில தீர்ப்புகளில் அவர்களே ஈட்டுப் பொருளாகியிருக்கிறார்கள். கொலைக்கு ஈடாகக் கொன்றவன் குடும்பத்துப் பெண்ணை எதிர்த்தரப்புக்கு மணம் முடித்துக் கொடுக்கும் வழக்கத்துக்குப் பாகிஸ்தான் பஷ்தூன் பகுதிகளில் 'ஸ்வாரா' என்றும், ஆப்கானிஸ்தானில் 'பத்' என்றும் பெயர். 'வாக்' கொடுத்தது அவள் தந்தை. விலையாகப் போனது அவள். சம்மதத்தின் மீது நிற்கும் அமைப்பு என்று ஜிர்காவைப் பாராட்டும்போதெல்லாம் யாருடைய சம்மதம் என்று கூடவே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனால் தோஸோவைத் தண்டித்த மன்றத்தில் இந்த அரைகுறைச் சம்மதம்கூட இல்லை. அவரிடமிருந்து யாரும் 'வாக்' வாங்கவில்லை, பிணைப்பொருள் வைக்கப்படவில்லை, இறந்தவரின் குடும்பத்தோடு அவர் குடும்பத்தைச் சேர்த்து வைப்பது மன்றத்தின் வேலையாக இல்லை. துணை ஆணையர் கேட்ட ஒரே கேள்விக்கு, இவன் குற்றவாளியா இல்லையா என்பதற்கு, அவர்கள் விடை சொன்னார்கள். பஷ்தூன்களே இதைச் 'சர்க்காரி ஜிர்கா' என்று பிரித்துச் சொல்வார்கள். சபையின் பெயரும் தலைப்பாகைகளும் பஷ்தூன்களுடையவை. அதிகாரம் முழுக்கப் பிரிட்டிஷார் உருவாக்கிய அலுவலகத்துடையது.

1956 மார்ச் 23 அன்று பாகிஸ்தானின் முதல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் முன் எல்லாக் குடிமக்களும் சமம் என்றது அதன் 5ஆம் விதி. தோஸோ தரப்பு மேற்குப் பாகிஸ்தான் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. உயர் நீதிமன்றம் தயங்கவில்லை. இருவர் ஒரே மாதிரிக் கொலைக் குற்றச்சாட்டில் நிற்கிறார்கள். ஒருவரைச் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கும் மற்றவரை ஜிர்காவுக்கும் அனுப்ப அதிகாரியின் விருப்பத்தைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. எனவே இந்தப் பிரிவு சமத்துவ உரிமைக்கு முரணானது, செல்லாது என்று அது தீர்ப்பளித்தது. இதை ஏற்றால் அரசியலமைப்பு வந்த நாளிலிருந்து அந்த முறையில் தண்டிக்கப்பட்ட எல்லோருடைய தண்டனையும் ஆட்டம் காணும். அரசு பதறிக்கொண்டு மேல்முறையீடு செய்தது.

உச்ச நீதிமன்றத்தில் விசாரணை அக்டோபர் நடுவில் தொடங்கவிருந்தது. அக்டோபர் 7 அன்று மிர்சா அரசியலமைப்பை ரத்து செய்து ராணுவச் சட்டத்தை அறிவித்தார். 10ஆம் தேதி வந்த ஓர் ஆணை, பழைய சட்டங்கள் தொடரும் என்றது. இதை வைத்து முனீர் கணக்கைச் சுலபமாக முடித்தார். அரசியலமைப்பு போய்விட்டது; அதோடு 5ஆம் விதியும் போய்விட்டது; எஃப்.சி.ஆர். பழைய சட்டம், ஆகவே தொடர்கிறது. முரண்பட எதுவும் மிச்சமில்லாதபோது முரண் எங்கே? அரசின் மேல்முறையீடு வென்றது. ஜிர்கா சரியா தவறா என்று ஒரு வரி விவாதமும் தேவைப்படாமல் ஜிர்காவின் தண்டனை நிலைத்தது.

அந்த அமர்வில் ஏ. ஆர். கார்னீலியஸும் இருந்தார். 1954இல் சமுந்தர் வழக்கில் இதே எஃப்.சி.ஆர். நடைமுறையை, நீதி வழங்கலின் நவீன நெறிகள் அனைத்துக்கும் ஒவ்வாதது என்று கடிந்தவர் அவர். தோஸோ வழக்கில் தனித் தீர்ப்பு எழுதினார்; அரசியலமைப்பு போனதால் மனிதனின் அடிப்படை உரிமைகளும் ஆவியாகிவிட்டன என்பதை அவர் ஏற்கவில்லை. இருந்தும் மேல்முறையீட்டை அனுமதிப்பதில் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டார். முனீர் எழுதியதைவிட எனக்கு இதுதான் வருத்தம் தருகிறது. முனீரிடமிருந்து யாரும் அதிகம் எதிர்பார்க்கவில்லை.

1972இல் அஸ்மா ஜிலானி வழக்கில் உச்ச நீதிமன்றம் தோஸோ தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. ஆனால் எறியப்பட்டது புரட்சிக் கோட்பாடு மட்டுமே. ஜிர்கா பற்றிய கேள்வி எஞ்சியிருந்தது.

பலூசிஸ்தானில் எஃப்.சி.ஆரின் இடத்துக்கு 1968ஆம் ஆண்டின் குற்றவியல் சிறப்பு விதிகள் அவசரச் சட்டம் வந்திருந்தது. பெயர் புதிது, அதிகாரி அமைக்கும் தீர்ப்பாயம், அதிகாரி தேர்ந்த உறுப்பினர்கள் என்ற சாரம் பழையது. 1993இல் அஜீசுல்லா மேமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. சமத்துவம் இல்லை, நிர்வாகத்திலிருந்து நீதித் துறை பிரிக்கப்படவில்லை என்பவை காரணங்கள். தோஸோவின் அதே மாகாணம், ஏறக்குறைய அதே கேள்வி. முப்பத்தைந்து ஆண்டு கழித்து எதிர்மாறான விடை.

மறு ஆண்டு மலாகண்டில் நடந்தது நீதிமன்றங்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒரு பாடம். அங்கே 1975 முதல் நடப்பிலிருந்த சிறப்பு ஒழுங்குமுறைகளும் துணை ஆணையரின் ஜிர்காவையே நம்பியிருந்தன. பெஷாவர் உயர் நீதிமன்றம் 1990இல் அவற்றை ரத்து செய்தது. 1994 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சட்டப்படி குறை சொல்ல முடியாத தீர்ப்பு. ஆனால் ரத்தான அமைப்பின் இடத்தில் உடனே இயங்கக்கூடிய நீதிமன்றங்கள் தயாராக இல்லை. மலாகண்டைச் சேர்ந்த சுவாத்துக்கு இன்னொரு நினைவும் உண்டு: 1969 வரை அது வாலி எனும் மன்னரின் ஆட்சியில் இருந்த சமஸ்தானம், அங்கே வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டதில்லை என்று முதியவர்கள் சொல்வார்கள். அந்த வெற்றிடத்துக்குள் ஷரியத் சட்டம் கோரிய சூஃபி முகம்மதின் தெஹ்ரீக்-ஏ-நிஃபாஸ்-ஏ-ஷரியத்-ஏ-முகம்மதி இயக்கம் நுழைந்தது. 1994 நவம்பரில் அதன் ஆட்கள் ஆயுதங்களோடு கிளம்பி சைது ஷரீஃப் விமான நிலையத்தைக் கைப்பற்றினார்கள். அரசு அவசர அவசரமாக ஒரு ஷரியத் ஒழுங்குமுறையை அறிவித்து, சிவில் நீதிபதிகளைக் காஜிகள் ஆக்கியது. பின்னாளில் அதே சுவாத்தில் தாலிபான்கள் தலையெடுத்ததற்குக் காரணங்கள் பல. விரைவான நீதி என்ற வாக்குறுதிக்கு அங்கே வாங்குவோர் இருந்தார்கள் என்பதும் அவற்றில் ஒன்று.

கூட்டாட்சிப் பழங்குடிப் பகுதிகளான ஃபாட்டாவில் எஃப்.சி.ஆர். இன்னும் நீண்ட காலம் வாழ்ந்தது. அரசியலமைப்பின் 247ஆம் விதி உச்ச நீதிமன்றத்தையும் உயர் நீதிமன்றங்களையும் அங்கே நுழையவிடவில்லை. பொலிடிகல் ஏஜென்ட் என்ற ஒரே அதிகாரி வரி, காவல், வழக்கு, தண்டனை எல்லாமாக இருந்தார். ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் குலம் முழுவதையும் பிடித்து வைக்கலாம், ஊருக்கே அபராதம் போடலாம். 2011இல் பெண்கள், சிறுவர்கள், முதியவர்களுக்கு இந்தக் கூட்டுத் தண்டனையிலிருந்து விலக்குக் கிடைத்தது. 110 ஆண்டுகளில் வந்த பெரிய கருணை அதுதான்.

2018 மே மாதம் 25ஆவது திருத்தம் ஃபாட்டாவைக் கைபர் பக்தூன்க்வாவுடன் இணைத்தது. எஃப்.சி.ஆர். ஒழிந்தது என்று மக்கள் மூச்சு விடுவதற்குள், இடைக்கால ஆட்சி ஒழுங்குமுறை என்ற பெயரில் அதன் சாயல் திரும்பி வந்தது. அதிலும் பெரியவர் மன்றத்தைக் கூட்டுபவர் அதிகாரியே. பெஷாவர் உயர் நீதிமன்றம் அக்டோபரில் அதை முறித்தது. பெண்கள் நிலைக்கான தேசிய ஆணையம் 2012இல் ஜிர்காக்களுக்கு எதிராகத் தொடுத்திருந்த மனுவையும் இதையும் சேர்த்து விசாரித்த உச்ச நீதிமன்றம், தலைமை நீதிபதி சாகிப் நிசார் ஓய்வு பெறுவதற்கு முந்தைய நாளான 2019 ஜனவரி 16 அன்று தீர்ப்பளித்தது. சிவில், குற்றவியல் வழக்குகளில் நீதிமன்றம்போல் தீர்ப்பு வழங்கும் ஜிர்காக்களும் பஞ்சாயத்துகளும் அரசியலமைப்புக்கு எதிரானவை. இரு தரப்பும் விரும்பி ஏற்கும் சமரசம், மத்தியஸ்தம் என்ற எல்லைக்குள் அவை இயங்கலாம். ஆறு மாதத்துக்குள் நீதிமன்றக் கட்டமைப்பை உருவாக்குமாறு மாகாண அரசுக்கு உத்தரவும் போட்டது. மலாகண்டின் அனுபவம் கொஞ்சம் நினைவில் இருந்திருக்கிறது.

தோஸோவின் கேள்விக்கு அறுபது ஆண்டு கழித்து நாடு முழுமைக்கும் கிடைத்த விடை இது. சரியான விடை என்றே நினைக்கிறேன். சர்க்காரி ஜிர்காவுக்கும் சம்மத ஜிர்காவுக்கும் இடையே கோடு போட்டது அதன் பலம். களத்தில் அந்தக் கோடு எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பது வேறு விஷயம். வடக்கு வசீரிஸ்தானுக்கான நீதிமன்றம் பன்னுவிலும், தெற்கு வசீரிஸ்தானுக்கானது டாங்கிலும் உட்கார்ந்தன. மலையிலிருந்து ஒரு வாய்தாவுக்கு அடுத்த மாவட்டம் போய்வர வேண்டியவருக்கு, ஊர் ஜிர்காவை நாடுவது எந்த அளவுக்குச் சுதந்திரமான தேர்வு? இணைக்கப்பட்ட மாவட்டங்களின் பெரும்பகுதியில் நிலப் பதிவேடும் இல்லை. எந்த மலைச்சரிவு எந்தக் குலத்துடையது என்பதற்கு ஆவணம் பெரியவர்களின் நினைவுதான். நீதிபதியே ஆனாலும் அவர்களைத்தான் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

மாகாண அரசு 2020இல் மாற்றுவழித் தீர்வுச் சட்டம் ஒன்றை இயற்றியது. 'சாலிசீன்' எனும் நடுவர்களின் பட்டியலிலிருந்து ஆட்களை வைத்து, தரப்பினரின் சம்மதத்தோடு வழக்குகளை முடிக்கலாம் என்பது ஏற்பாடு. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்குத் தலைவர் யார் என்று பார்த்தால், ஆணையர். சாண்டமனின் நாற்காலியை ஒவ்வொரு சட்டமும் தூசி தட்டித் திரும்பப் போடுகிறது.

இன்று லோரலாயில் அதே கொலை நடந்தால் என்ன ஆகும்? தோஸோவைப் போன்ற ஒருவர் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போவார். வழக்கறிஞர் இருப்பார், மேல்முறையீடு உண்டு. அந்த வகையில் அன்றைய உயர் நீதிமன்றம் வென்றுவிட்டது. ஆனால் 1990இல் கிஸாஸ் (பழிக்குப் பழி), தியத் (உயிருக்கு ஈட்டுத் தொகை) அவசரச் சட்டம் வந்தபின் கொலை என்பது வாரிசுகள் மன்னிக்கக்கூடிய குற்றமாகிவிட்டது. தண்டனைச் சட்டத்தின் 309, 310ஆம் பிரிவுகளின்படி அவர்கள் மன்னிக்கலாம், ஈடு பெற்றுச் சமரசம் செய்யலாம். ஆகவே நீதிமன்றத்தில் வாய்தாக்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே ஜிர்கா உட்காரும். ஈட்டுத் தொகை பேசி முடிப்பார்கள். 'ராஜிநாமா' எனும் சமரசப் பத்திரம் நீதிபதியின் மேசைக்கு வரும். நீதிபதி வாரிசுகளின் வாக்குமூலத்தைப் பதிந்து, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 345ஆம் பிரிவின் கீழ் வழக்கை முடித்துவைப்பார். எந்த அதிகாரியும் கூட்டாத, சட்டத்தில் பெயர்கூட இல்லாத ஜிர்காவின் முடிவு அரசு முத்திரையோடு வெளியே வரும்.

அந்தச் சமரசத்தில் ஒரு பெண் கைமாறியிருந்தால் அது குற்றம். 2004இல் சேர்க்கப்பட்டு 2011இல் திருத்தப்பட்ட 310-ஏ பிரிவின்படி 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. ஆனால் ராஜிநாமாவில் அதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. மன்னிப்பு மனமுவந்து தரப்பட்டதா என்று நீதிபதி கேட்பது கட்டாயம். கொல்லப்பட்டவனின் விதவையும் மகளும் வாரிசுகள்தான். அவர்களும் ஆம் என்று சொல்ல வேண்டும். அவர்களுக்கு இடமில்லாத வட்டத்தில் தொகை பேசப்பட்டு, நனவாதேயின் ஆடு அறுக்கப்பட்ட பிறகுதான் அந்தக் கேள்வி அவர்களிடம் வந்து சேர்கிறது. வாக்குமூலப் படிவத்தில் அதற்கு ஒரு வரி ஒதுக்கப்பட்டிருக்கிறது.